வந்து சேர்ந்த தேதி

ஒரு மனுஷன் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால் கெட்ட வார்த்தையில்தான் பதில் சொல்வேன். படிக்காதவனுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு. செங்கல்பட்டு கடைத்தெருவில் பிரியாணி ஓட்டல் நடத்தும் மதார் சாகிப் நான். புள்ளியியலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் தங்கை ஹபீபாவைப் புள்ளியியல் வாத்தியார் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்ததால் வந்த வினை இது.

மச்சான் பெயர் பஷீருதீன். ஊரிலுள்ள ஒரு காலேஜில் தற்காலிக விரிவுரையாளர். கோடை விடுமுறை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், காலேஜ் திறந்ததும் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று என் தங்கை ஒவ்வொரு வருஷமும் நோன்பு வைக்காத குறை. நிரந்தரமாக்க வேண்டுமானால் ஒழுங்கான பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று போதும்.

மச்சான் அந்த ஒன்றை எழுதினார். எழுதுவதற்கு அவர் போன இடம் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்துகொண்டு, இந்த வலை எப்போது வாங்கியது, எப்போது கிழிந்தது என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். நைலான் வலை வந்த புதிது. மீன்பிடிக்கிறவர்கள் முதலில் அவரை வலை கம்பெனி ஆள் என்று நினைத்தார்கள், பிறகு கொஞ்சம் மறை கழன்றவர் என்று முடிவுகட்டி டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர் கண்டுபிடித்ததை எனக்கும் ஒரு தடவை விளக்கினார். ஓட்டலில் ஆட்கள் எவ்வளவு காலம் தங்குகிறார்கள் மச்சான் என்று கேட்டார். நான் விட்டுப்போனவர்களை நினைத்துக்கொண்டு, ரெண்டு மூணு மாசம்தான், எல்லாம் ஓடுகாலிப் பசங்க என்றேன். அப்ப தஸ்தகீர் என்றார். தஸ்தகீர் என் வாப்பா காலத்திலிருந்து அடுப்படியில் நிற்கிறவன். போனவனை மட்டும் எண்ணினால் இருக்கிறவன் கணக்கில் வருவதில்லை, வலையும் அப்படித்தான், கிழிந்ததை மட்டும் எண்ணி சராசரி எடுத்தால் இன்னும் கடலில் கிடக்கிற நல்ல வலையெல்லாம் விட்டுப்போகிறது, அதையும் சேர்த்துக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்றார். அந்த வழி என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த அழகு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கட்டுரையை அனுப்ப அவர் மெட்ராசுக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டியிருக்கவில்லை. கொளவாய் ஏரிக்குப் போகிற வழியில் உலகநாதன் என்று ஓய்வுபெற்ற புரொபசர் ஒருவர் இருந்தார். தன் வீட்டு முன்னறையிலேயே ‘கிழக்குக்கரைப் புள்ளியியல் காலாண்டிதழ்’ என்று ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். பெயரைத் தவிர எல்லாம் இங்கிலீஷ். டில்லி வரைக்கும் அதற்கு மரியாதை. 1973-இல் மச்சான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கட்டுரையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் தபாலில் ஒரு கார்டு வந்தது: இன்ன தேதியில் இன்ன கட்டுரை வந்து சேர்ந்தது, பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது. ஹபீபா அதை அரிசி டின்னுக்கு மேலே இருந்த குர்ஆன் பலகையில் பத்திரமாக வைத்தாள்.

பரிசீலனை என்றால் என்னவென்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஆசிரியர் கட்டுரையை இரண்டு பெரிய மனிதர்களுக்கு அனுப்புவார். அவர்கள் யார் என்று எழுதியவனுக்குச் சொல்லக்கூடாது. அவர்கள் எப்போது படிப்பார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. எழுதியவன் அதே கட்டுரையை வேறு பத்திரிகைக்கும் அனுப்பக்கூடாது. மூன்று கூடாதும் மச்சானுக்குத்தான்.

ஒரு வருஷம் போனது. இரண்டு போனது. மச்சான் பணிவாக ஒரு கடிதம் எழுதுவார், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் வரும். தெருவில் பார்த்தால் உலகநாதன் நின்று, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். கட்டுரையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். மச்சானும் கேட்கமாட்டார். தெருவில் நிறுத்திக் கேட்பது மரியாதை இல்லையாம். எமர்ஜென்சியில் நாடே வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும் வந்து போனது, இவர் அதற்கு முன்னாலேயே பொத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்தது பன்னீர்செல்வம் மூலமாக. பன்னீர்செல்வம் உலகநாதனிடம் டைப் அடிக்கிறவன், மத்தியானம் என் ஓட்டலில்தான் சாப்பாடு. ஒரு நாள் அவன் இலைக்கு இரண்டு துண்டு அதிகமாக வைத்துவிட்டு, என் மச்சான் பேப்பர் என்னடா ஆச்சு என்று கேட்டேன். முதல் பெரிய மனிதர் ஆறே மாதத்தில், உடனே அச்சிடலாம் என்று எழுதிவிட்டாராம். இரண்டாமவர் எழுதவில்லை. அவருக்கு ஞாபகப்படுத்தி ஒரு கடிதம் போடக்கூட உலகநாதன் சொல்லவில்லையாம்.

ஏன் என்று கேட்டேன். பன்னீர்செல்வம் எலும்பைச் சப்பிக்கொண்டே சொன்னான்:

“வருசா வருசம் டில்லிக்கு ரிப்போர்ட் போவணும் அண்ணாத்த. ஒரு பேப்பர முடிக்க சராசரி எத்தினி மாசம்னு அதுல போடணும். முடிஞ்ச பேப்பர்தான் கணக்குல வரும். உங்க மச்சானுது பழசாயிடுச்சு. இப்ப முடிச்சா சராசரி எகிறிப் பூடும். முடிக்காம வுட்டா ஒரு பேஜாரும் இல்ல.”

அன்று இரவே மச்சானிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். அவர் கோபப்படுவார், நான் ஆட்களோடு கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். அவர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார், ஹபீபா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“என் கட்டுரையே அதுதான் மச்சான்” என்றார். “கிழிஞ்ச வலைய மட்டும் எண்ணாதேன்னு எழுதி அவர்கிட்டயே குடுத்துருக்கேன். அவரு படிச்சுப் புரிஞ்சுக்கினாரு பாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷமும் கோடையில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

1978 தொடக்கத்தில் உலகநாதனே கடிதம் எழுதினார். இதழுக்கு நல்ல கட்டுரைகள் குறைந்துபோயிருக்க வேண்டும், அல்லது இரக்கமே வந்ததோ என்னவோ. கடிதம் தேன் ஒழுக இருந்தது. கட்டுரை தரமானது, வெளியிட விருப்பம். ஆனால் ஓரத்தில் விடவேண்டிய இடம் இப்போது மாறியிருக்கிறது. ஆகவே புதிதாக டைப் செய்து, புதிய கட்டுரையாக, புதிய கடிதத்தோடு அனுப்பவும். ஒரு கட்டுரைக்கு ஒரு கார்டு என்பது அலுவலக வழக்கம் என்பதால் பழைய கார்டைத் திருப்பி இணைக்கவும்.

மச்சான் ராத்திரி பகலாக உட்கார்ந்து திரும்ப டைப் செய்தார். ஒரு எழுத்து மாறவில்லை, ஓரம் மட்டும் அகலமானது. ஹபீபா கார்டை எடுத்துக் கொடுக்கமாட்டேன் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“புதுசா அனுப்பு, வாணாங்கல. இது இன்னாத்துக்கு அவருக்கு? இது நம்ம வூட்லயே கெடக்கட்டும்” என்றாள்.

“அவங்க ஆபீஸ் வழக்கம்மா அது. கேக்கும்போது குடுக்கலன்னா நம்மள சந்தேகப்படுறவன்னு நெனப்பாரு. கணக்கு சரியா இருந்தா போதும், அதுக்குத் தேதி எதுக்கு?”

என் மச்சான் செய்த தப்பு இது ஒன்றுதான். முட்டாள்தனத்தால் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். ஒரு வலையை வாங்கிய தேதி தெரியாவிட்டால் அதைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறவர் அவர். ஒரு கிழவன் வாங்கின மாதத்தை மறந்துவிட்டான் என்று சதுரங்கப்பட்டினத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறியவர். அவர்தான் தன் தேதியைக் குண்டூசி குத்தி அனுப்பிவைத்தார். வலைக்குத்தான் தேதி வேண்டும், படித்தவர்களுக்கு நடுவில் வேண்டாம் என்று நினைத்துவிட்டார்.

அடுத்த இதழிலேயே கட்டுரை வந்தது. ஐந்து வருஷம் நகராதது ஐந்து வாரத்தில் முடிந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், வந்து சேர்ந்தது 1978 பிப்ரவரி, ஏற்கப்பட்டது 1978 மார்ச் என்று போட்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள். நான் தெருவுக்கே பாயசம் கொடுத்தேன். ஜூலையில் மச்சானை நிரந்தரமாக்கினார்கள். ஹபீபா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மர பீரோ வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த ஆண்டு உலகநாதன் தன் பத்திரிகையின் பத்தாவது ஆண்டு விழாவை மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த விருந்தினர் விடுதி ஒன்றில் வைத்தார். டில்லியிலிருந்து கோபாலகிருஷ்ணன் என்ற பெரிய புரொபசர் வந்திருந்தார். பத்திரிகைக்கு மானியம் தருகிற கமிட்டியில் அவர் முக்கியமானவர். சாப்பாடு ஆர்டர் எனக்கு. சைவத்துக்கு வேறு ஆள். முதல் நாள் கேட்டபோது முக்கால்வாசிப் பேர் சைவம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை தம் போடும் வாசனை வந்ததும் ஒவ்வொருவராக அடுப்படிப் பக்கம் வந்து, எனக்கு இந்தப் பந்தியிலேயே போட்டுவிடுங்கள் பாய் என்று காதைக் கடித்துவிட்டுப் போனார்கள். கணக்குக்கே கணக்கு தப்புகிறவர்கள் இந்த ஆட்கள்.

மச்சான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் அவருடைய பிரின்சிபால். நான் கதவோரம் நின்று பார்த்தேன், பக்கத்தில் பன்னீர்செல்வம். பேச்செல்லாம் இங்கிலீஷ், அவன்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். உலகநாதன் மேடையில் ஒரு பெரிய படத்தை விரித்தார். கட்டுரைகளை முடிக்க ஆகிற சராசரி மாதத்தைக் காட்டும் கோடு ஒன்று மேலிருந்து கீழே அழகாக இறங்கி வந்தது. இன்றைக்கு இந்த நாட்டில் கட்டுரையை இவ்வளவு சீக்கிரம் முடிக்கிற பத்திரிகை வேறில்லை என்றார். கைதட்டினார்கள். மச்சானும் தட்டினார், அவர் கட்டுரையும் அந்தக் கோட்டை இறக்கியிருந்ததே.

அப்போது கோபாலகிருஷ்ணன் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. வேகம் பாராட்டத்தக்கது, ஆனால் வேகத்தில் இப்படியும் நடக்கிறது என்று சொல்லி இரண்டு பத்திரிகைகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இங்கிலாந்திலிருந்து வருவது, 1977-ஆம் வருஷத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் மின்விளக்குகளை வைத்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மற்றது இவர்களுடையது. அதே வழி, வரிக்கு வரி அதே சமன்பாடு, விளக்குக்குப் பதிலாக மீன்வலை. அது அச்சான மறுவருஷம் இது வந்து சேர்ந்திருக்கிறது. இதை எழுதியவர் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார்.

மச்சான் எழுந்தார். பாவம், அந்த வெள்ளைக்காரர் பெயரையே அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார். அந்தப் பத்திரிகை அவர் காலேஜ் லைப்ரரிக்கு வருவதே கிடையாது. இங்கிலீஷில் ஆரம்பித்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லை. மேடையைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“சார், எழுபத்து மூணுல உங்க கையில குடுத்தேன். நீங்க சொல்லுங்க சார்.”

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் அந்தக் கோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மச்சான் தப்பித்துவிடுவார், கோடு போய்விடும். டில்லிக்காரர் முன்னால் அது போய்விடும். எனக்குத் தெரிந்தது, பன்னீர்செல்வத்துக்குத் தெரிந்தது, மச்சானுக்கும் அப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“அச்சுல இருக்கிற தேதிதான் தேதி, மிஸ்டர் பஷீருதீன். ஆசிரியரா அதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.”

கோபாலகிருஷ்ணன் நியாயஸ்தர். முன்னமே அனுப்பியிருந்தால் அத்தாட்சிக் கார்டு இருக்குமே, அதைக் காட்டினால் போதும் என்று தமிழிலேயே கேட்டார்.

“இருந்துச்சு சார். கேட்டாங்க, திருப்பி அனுப்பிட்டேன்.”

ஹாலில் சிரித்தார்கள். அப்படியொன்றும் பெரிய சிரிப்பு இல்லை. மரியாதையான, மூக்கால் விடுகிற சிரிப்பு. மச்சான் சுற்றிலும் பார்த்தார். கதவோரம் கண் வந்தது. பன்னீர்செல்வம் சார்தான் அந்தக் கார்டை டைப் அடிச்சாரு, அவரைக் கேளுங்க என்று கையை நீட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். என் பக்கத்தில் ஆள் இல்லை. இலை போட்டாச்சா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் இறங்கிப் போய்விட்டிருந்தான்.

விசாரணை, விளக்கம் என்று காலேஜில் பிறகு நாலைந்து மாதம் இழுத்தார்கள். அதெல்லாம் சடங்கு. பிரின்சிபால் மச்சானைப் பார்க்காமல் எழுந்து வெளியே போன அந்த நிமிடமே வேலை போய்விட்டது. உலகநாதன் அடுத்த கட்டுரைக்காரரை மேடைக்கு அழைத்தார்.

நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். எல்லா பிரியாணி தேக்சாவையும் கடலில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. உண்மையில் இருந்தது. ஆனால் கடற்காற்றில் தம் அடுப்பு நின்று நின்று எரிந்து பிரியாணி தாமதமாகிக்கொண்டிருந்தது, பரிமாறுகிற பையன்களில் இரண்டு பேர் காய்ச்சலென்று வரவில்லை, சவுக்குத் தோப்பில் போட்ட பந்தலில் சைவப் பந்தி பாதி சாப்பிட்டாகிவிட்டது, எங்கள் பந்தியில் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொழில் என்று ஒரு நாய்ப் பிழைப்பு இருக்கிறதே.

மச்சான் தோப்புக்குள் வந்தார். கோட்டைக் கழற்றி ஒரு சவுக்குக் கிளையில் மாட்டினார். தஸ்தகீரிடமிருந்து துண்டு ஒன்றை வாங்கி இடுப்பில் கட்டினார்.

“ஆள் பத்தல இல்ல. வாளிய குடு மச்சான்” என்றார்.

நான் மறித்தேன். வீட்டுக்குப் போங்கள், வண்டி வைக்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. வாளியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பந்தியின் தலையிலிருந்து ஆரம்பித்தார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பசியில் இருக்கிறவன் கரண்டியைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், பரிமாறுகிறவன் முகத்தைப் பார்க்கமாட்டான். இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது இது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இவரிடமே, பாய், கொஞ்சம் குஸ்கா தள்ளி வையுங்க என்றார்கள்.

உலகநாதனும் எங்கள் பந்தியில்தான் இருந்தார். சைவம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவர்தான் முதல். வாளி தன் இலைக்கு வந்ததும், வெங்காயப் பச்சடியை விரலால் தள்ளிக்கொண்டே சலித்துக்கொண்டார்.

“வந்து உக்காந்து எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமாய்யா?”

மச்சான் கரண்டியை நிறுத்தினார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

“ஒரு தடவ எந்திரிச்சு மறுபடி உக்காருங்க சார். இப்பத்தான் வந்தீங்கன்னு எழுதிக்கலாம்.”

பக்கத்து இலைக்காரர் வாயில் வைத்த கவளத்தோடு நின்றுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. உலகநாதன் மட்டும் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றிருந்த என்னிடம், தோளுக்கு மேலே கையை ஆட்டிக் கேட்டார்.

“யாரு பாய் இது, உங்க ஆளா? வாய் நீளமா கீதே.”

புரொபசர் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று காலை வரைக்கும் உங்களில் ஒருவராக இருந்தவர் என்று சொல்லியிருக்க வேண்டும். மச்சான் என்னைப் பார்த்தார், நான் சொல்லப்போவதை அவரும் கேட்க வேண்டியிருந்தது போல நின்றார்.

“ஆமா சார்” என்றேன். “எங்க ஆளுதான்.”

மச்சான் தலையை ஆட்டினார். நல்ல துண்டாகப் பார்த்து இரண்டு எடுத்து உலகநாதன் இலையில் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.